பொதுச் சுகாதாரம் யார் பொறுப்பு? அவனவன் உடம்பை அவனவன் பார்த்துக்கொண்டால் போதாதா?

#1 இளங்கதிர்

அனைவருக்கும் வணக்கம். சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். சமூக வாழ்வில் பொதுச் சுகாதாரத்தின் பங்கு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். பாடநூலில் வரையறை இருக்கிறது, அதை மனப்பாடமும் செய்துவிட்டேன். ஆனால் வகுப்பில் ஒரு நண்பன் கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "அவனவன் உடம்பை அவனவன் பார்த்துக்கொண்டால் ஊரே நன்றாக இருக்கும். அதையும் மீறி நோய் வந்தால் டாக்டர் இருக்கிறார். நடுவில் இப்படி ஒரு துறை எதற்கு?" என்கிறான். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்குங்களேன்.

#2 மலர்விழி

இளங்கதிர், உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

டாக்டர் முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கிறார். "இவருக்கு என்ன?" என்பது அவருடைய கேள்வி. எங்கள் கேள்வி வேறு. "ஏன் இந்தத் தெருவில் மட்டும்? ஏன் இந்த வாரம்?" ஒருவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து இதற்கு விடை காண முடியாது.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம். இறந்தவர்கள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டார். பெரும்பாலான சாவுகள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே இருந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கணக்கில் ஒட்டாமல் நின்றவர்களை அவர் விட்டுவிடாமல் துருவியதுதான். குழாய்க்குப் பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. 500 பேருக்கு மேல் தங்கியிருந்தும் அங்கே இறந்தது 5 பேர்தான். விசாரித்தால், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தக் குழாய்ப் பக்கமே போவதில்லை, தப்பித்தார்கள். சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை அம்மாள் காலராவில் இறந்திருந்தார். அவர் வீட்டுப் பக்கம் வேறு யாருக்கும் நோய் இல்லை. கேட்டுப் பார்த்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், அதைத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார்.

செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலராக் கிருமியை ராபர்ட் கோஹ் என்ற ஜெர்மன் மருத்துவர் உலகத்துக்குக் காட்ட அதன்பிறகு 30 ஆண்டு ஆனது. கிருமி இன்னதென்று தெரியாது, மருந்தும் கிடையாது. ஆனாலும் நோய் வரும் வழியை அடைக்க முடிந்தது.

உங்கள் நண்பரிடம் அந்த ஹாம்ஸ்டெட் அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். அவரும் தன் உடம்பைக் கவனித்துக்கொண்டவர்தான். நல்ல தண்ணீர் என்று நம்பித்தான் காசு செலவழித்து வரவழைத்தார்.

#3 செந்தில்நாதன்

மலர்விழி அவர்களே, இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கைப்பிடியைக் கழற்றும்போதே சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. மக்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். ஸ்னோவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

லண்டனைக் காலராவிலிருந்து காப்பாற்றியது பாதாளச் சாக்கடை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத்தில் உட்காரக்கூட முடியவில்லை. அதன்பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள், ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டி முடித்தார். அதுவும் கெட்ட காற்றை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு! எனவே பொதுச் சுகாதாரம் என்றால் குழாய், சாக்கடை, பணம், பொறியாளர். சமூகம், பங்கு என்றெல்லாம் பேசுவது மேடைக்கு நன்றாக இருக்கும். ஊரில் ஒழுங்கான குழாய் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

#4 மலர்விழி

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அதன் பின்கதையையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் முதலில் ஸ்னோவின் கருத்தை ஏற்கவில்லை. அது தவறு என்று காட்டத்தான் விசாரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர், அவரிடம் எல்லோரும் மனம்விட்டுப் பேசினார்கள். கடைசியில் முதல் நோயாளியையே அவர்தான் கண்டுபிடித்தார். குழாய்க்கு எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் துணி அலசிய தண்ணீரைத் தாய் மலக்குழியில் கொட்டியிருக்கிறாள். குழியின் செங்கல் சுவர் பெயர்ந்து, அழுக்கு கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் தகப்பனுக்கு நோய் கண்டது செப்டம்பர் 8, கைப்பிடி கழன்ற அதே நாள். கழற்றியிருக்காவிட்டால் இரண்டாவது சுற்று தொடங்கியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

பொறியாளர் சாக்கடை கட்டுவார். எந்தக் குழி எந்தக் கிணற்றில் கசிகிறது என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

#5 செந்தில்நாதன்

தகப்பனுக்கு நோய் வந்த தேதி எனக்குத் தெரியாது. நன்றி. குழாய் முக்கியம் என்பதை மட்டும் விடமாட்டேன் :)

#6 புள்ளிப்பூ

புள்ளியியல் படித்தவள். இளங்கதிரின் நண்பருக்கு என் பக்கத்துப் பதில்.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குமே எதிர்ப்புசக்தி இல்லாத ஊரில், தட்டம்மை வந்த ஒருவர் சராசரியாக 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் அறையைவிட்டுப் போனபிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். இந்த நோய் ஊருக்குள் ஓடாமல் நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புசக்தி வேண்டும்.

அந்த 5 சதவீத இடம் யாருக்கு என்பதுதான் விஷயம். தட்டம்மைத் தடுப்பூசியை நாட்டைப் பொறுத்து 9 அல்லது 12 மாதத்தில்தான் வழக்கமாகப் போடுகிறார்கள். அதற்கு முந்தைய குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் சொல்கிறபடி இவர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது? சுற்றியிருக்கிறவர்கள்தான் இவர்களுக்குத் தடுப்பூசி.

இன்னொன்று. ஊர் முழுக்கச் சராசரி 95 என்று காகிதத்தில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. போடாதவர்கள் ஒரே பள்ளியில், ஒரே குடியிருப்பில் சேர்ந்து இருந்தால் அங்கே 70 இருக்கும், மற்ற இடத்தில் 98 இருக்கும். தீ பிடிப்பது அந்த 70-ல்தான். சராசரியை மட்டும் போட்டு அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

#7 அறிவன்

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நான் சட்டம் படித்தவன், மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

மேரி மேலன் என்ற சமையல்காரப் பெண். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் சமைத்தார். டைஃபாய்டு கிருமி அவர் உடம்பில் இருந்தது, ஆனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 1907-ல் பிடித்துத் தீவு ஒன்றில் அடைத்தார்கள். 1910-ல், இனிச் சமைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். 1915-ல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து மறுபடி அடைத்தார்கள். 1938-ல் சாகும்வரை வெளியே விடவில்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

அதே நகரில் அறிகுறியில்லாமல் டைஃபாய்டு சுமந்தவர்கள் பின்னால் நூற்றுக்கணக்கில் அடையாளம் காணப்பட்டார்கள். அவரைப் போல ஆயுள் முழுக்க அடைபட்டுக் கிடக்கவில்லை. ஏழை, தனிப்பெண், அயல்நாட்டுக்காரி, பிடிவாதக்காரி. அதனால்தான் அவருக்கு இந்த கதி என்பது என் கருத்து. "ஊர் நன்மை" என்று சொல்லிவிட்டால் எந்த மனிதரையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பொதுச் சுகாதாரத்தைப் பாராட்டுங்கள்.

#8 புள்ளிப்பூ

அறிவன், அவர் சமைத்த மருத்துவமனையில் பிரசவித்த பெண்களின் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். அங்கே டைஃபாய்டு வந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

#9 நீலா (செவிலியர்)

நான் ஆஸ்பத்திரியில இருந்ததவிட தெருவுல நடந்ததுதான் ஜாஸ்தி. தடுப்பூசிப் பெட்டிய தோள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடா போற வேலை. அதனால அறிவன் தம்பி கேட்டதுக்கு நான் சொல்லலாம்னு நெனைக்கிறேன்.

மேரி கதையில ஒண்ண விட்டுட்டீங்க. 1910-ல வெளிய விட்டப்போ அவங்களுக்குத் துணி வெளுக்குற வேலைதான் கெடச்சுது. சமையலுக்குக் கெடச்ச சம்பளம் அதுல இல்ல. "சமைக்காதே"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஊருக்கு, சமைக்காம அந்தம்மா எப்படிப் பொழைப்பாங்கன்னு யோசிக்கத் தோணல. அவங்களுக்குத் தன் உடம்புல நோய் இருக்குன்னு நம்பிக்கையும் இல்ல. நம்புற மாதிரி பொறுமையா உக்காந்து சொன்னவங்க யாராவது இருந்தாங்களான்னு தெரியல. புடிச்சு அடைக்கிற நெலமைக்கு வந்துட்டோம்னா அதுக்கு முன்னாடியே பல எடத்துல கோட்ட விட்டிருக்கோம்னு அர்த்தம்.

காசநோய்க்கு இன்னைக்கும் இதேதான். வழக்கமான சிகிச்சை ஆறு மாசம். ரெண்டு மாசத்துல இருமல் நின்னு, எடை ஏறி, பசி எடுக்க ஆரம்பிச்சுடும். அப்பத்தான் மாத்திரைய விட்டுடுவாங்க. அன்னாடம் கூலிக்குப் போறவங்களுக்கு மாத்திரை வாங்க வர்ற நாள் சம்பளம் போற நாள். பாதியில விட்டா மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும், அது வீட்டுல இருக்குற புள்ளைங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். "பொறுப்பில்லாத ஆளு"ன்னு திட்டிட்டுப் போறது சுலபம். மாத்திரைய அவங்க வேலை செய்யுற எடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தா முழுசா முடிக்கிறாங்க, நான் பார்த்திருக்கேன்.

#10 நீலா (செவிலியர்)

இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு. இளங்கதிர் தம்பி கட்டுரைக்கு உதவும்.

போலியோ சொட்டு மருந்துக் குப்பி மேல சின்னதா ஒரு வட்டம் இருக்கும், அதுக்குள்ள ஒரு சதுரம். சதுரம் வட்டத்தவிட வெளிறி இருந்தா மருந்து நல்லா இருக்கு. சூடு பட்டுப் பட்டு சதுரம் கறுத்துக்கிட்டே வரும். ரெண்டும் ஒரே நெறம் ஆயிட்டா அந்தக் குப்பியத் தூக்கிப் போட்டுடணும். நான் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் மொதல்ல அதத்தான் காட்டுவேன். "நீங்களே பாருங்கம்மா, சதுரம் வெளுப்பா இருக்கா?" பார்த்துட்டு அவங்களே அடுத்த வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. போன தடவ கதவு தெறக்காத வீடு இந்தத் தடவ தெறக்கும். அதிகாரியக் கூட்டிட்டு வந்து மெரட்டிப் போட்ட வீடு அடுத்த தடவ கண்டிப்பா தெறக்காது.

#11 மலர்விழி

நீலா அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 2014-ல் கினியா, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியபோதும் இதுதான் நடந்தது. இறந்தவர் உடலைத் தொடுவதால் நோய் பரவுகிறது. உடலைக் கழுவி வழியனுப்புவது அந்த மக்களுக்கு விடமுடியாத கடமை. முதலில் முகம் தெரியாத பாதுகாப்பு உடையில் ஆட்கள் வந்து, உடலைப் பையில் கட்டித் தூக்கிப்போனார்கள். மக்கள் நோயாளிகளையும் உடல்களையும் ஒளிக்கத் தொடங்கினார்கள். பிறகு முறையை மாற்றி, குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், மதப் பெரியவர் பிரார்த்தனை செய்யலாம், அடக்கம் எங்கே என்று குடும்பத்துக்குத் தெரியும் என்று கொண்டுவந்தபிறகு ஒளிப்பது குறைந்தது. 11,000 பேருக்கு மேல் இறந்த நோய் அது. தொடக்கத்திலேயே அந்தப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

#12 செந்தில்நாதன்

தொற்றுநோயிலேயே நிற்கிறீர்கள். ஈயம் கலந்த பெட்ரோலை யாரும் சொல்லவில்லையே? 1920-களில் எஞ்சின் சத்தம் குறையட்டும் என்று கலக்க ஆரம்பித்தார்கள். புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். கிட்டத்தட்ட நூறு வருஷம்!

இதில் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு என்ன செய்திருக்க முடியும்? மூச்சை அடக்கச் சொல்வதா? நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, ஒழுக்கம் எல்லாம் இருந்தும் தெருவில் விளையாடிய குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. ஒரு சட்டம் எல்லாக் குழந்தைகளையும் ஒரே நாளில் காப்பாற்றும். பெட்ரோல் விற்பவர்கள் அந்தச் சட்டத்தைத் தாமாகக் கொண்டுவர மாட்டார்கள், கேட்க ஆள் வேண்டும். (ஆமாம், நானே சமூகம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்.)

#13 இளங்கதிர்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி. மருந்தும் தடுப்பூசியும் பெரிய சட்டமும் இல்லாமல், சாதாரண மக்களே ஒரு நோயை ஒழித்த உதாரணம் இருக்கிறதா? அறிவன் அண்ணன் சொன்ன கட்டாயம் இல்லாமல்?

#14 தாமரை

இருக்கிறது. நரம்புச் சிலந்தி. பெயர்தான் சிலந்தி, உடம்புக்குள் வளரும் ஒரு புழுவால் (கினியா புழு) வரும் நோய் இது. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகவே உள்ளே வருகிறேன்.

குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நீர்ப்பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்பில் ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்வரை ஆகி, பெரும்பாலும் காலில் கொப்புளம் போட்டு வெளியே தலைகாட்டும். தீயாய் எரியும். எரிச்சல் தாங்காமல் மனிதர் காலைக் குளத்தில் வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். ஊர் மறுபடி அதையே குடிக்கும். புழுவை அறுத்தெடுக்கக் கூடாது. சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் வந்தால் அந்தக் குடும்பம் அந்த வருஷம் பட்டினி.

1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சேர்த்து ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2022-ல் உலகம் முழுக்க 13 பேர். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, குளத்தில் பூச்சிகொல்லி தெளிப்பது, புழு வெளிவரும் காலத்தில் தண்ணீரில் இறங்காமல் இருப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தன்னார்வலர் தினமும் வீடுகளைச் சுற்றிவந்து யாருக்காவது கொப்புளம் வந்திருக்கிறதா என்று பார்த்தார். 1995-ல் சூடானில் இந்த வேலைக்காகவே உள்நாட்டுப் போரை ஆறு மாதத்துக்கு நெருக்கமாக நிறுத்தி வைத்தார்கள்.

நீலா அக்கா மேரியைப் பற்றிச் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. தண்ணீரில் இறங்காதே என்றால் குடும்பத்துக்கு யார் தண்ணீர் கொண்டுவருவார்கள்? அதனால் சில இடங்களில் நோயாளிகளைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, புண்ணுக்குக் கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நோயைத் தெரிவித்தால் பரிசுப் பணமும் கொடுத்தார்கள். ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

முழுசாக ஒழிந்துவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. சாட் நாட்டில் நாய்களுக்கும் இந்தப் புழு வந்திருப்பதால் கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டே போகிறது.

#15 அறிவன்

தாமரை அவர்களின் பதிவு என் கேள்விக்குப் பாதிப் பதில். தனித்திரு என்று ஒருவரிடம் கேட்டால், அவருக்கு ஆகும் நஷ்டத்தை ஊர் ஏற்க வேண்டும். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கிறது. அப்படியெல்லாம் கொடுத்தும் ஒருவர் மறுத்தால்? அப்போது கட்டாயம் தேவைப்படலாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த உத்தரவுக்குக் காலக்கெடு வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடு செய்ய இடம் வேண்டும். மேரிக்கு இந்த மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. புள்ளிப்பூ கேட்டதையும் மறக்கவில்லை. அந்தத் தாய்மார்களையும் மேரியையும் சேர்த்தே காப்பாற்றியிருக்க முடியும் என்பதுதான் என் வாதம்.

#16 புள்ளிப்பூ

இதில் எனக்கு மறுப்பு இல்லை. காலக்கெடுவை யார் முடிவு செய்வது என்பதில் நாம் இன்னும் சண்டை போடலாம்!

#17 கார்முகில்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அவசரமாக ஒரு சந்தேகம். எங்கள் குடியிருப்பில் ரெண்டு நாளாக நாலைந்து வீட்டில் வயிற்றுப்போக்கு. ஆளாளுக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த இழையைப் படித்ததும் இது ஒரே காரணமோ என்று தோன்றுகிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

#18 மலர்விழி

கார்முகில், காத்திருக்காமல் இன்றே உங்கள் பகுதிச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வருவதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யாருக்கு, என்ன வயது, எந்த நாள் எந்த நேரம் தொடங்கியது, எந்தத் தொட்டித் தண்ணீர், முந்தைய மூன்று நாளில் எல்லோரும் சேர்ந்து எங்காவது சாப்பிட்டார்களா. நோய் வராத வீடுகளிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள், அது ரொம்ப முக்கியம். தொட்டியை அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள், தண்ணீர் மாதிரி எடுத்தபிறகு கழுவலாம். அதுவரை எல்லோரும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கிக் குடியுங்கள்.

#19 நீலா (செவிலியர்)

நோய் வந்தவங்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் குடுங்க. பொட்டலம் கெடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக் கூடாது, கவனம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. கொழந்தை தாய்ப்பால் குடிச்சா நிறுத்தவே வேண்டாம். கண்ணு உள்ள போனாலோ, மூத்திரம் வரலன்னாலோ, ரத்தம் போனாலோ, கொழந்தை துவண்டு கெடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வயித்துப்போக்கு நின்னு ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் அவங்க மத்தவங்களுக்குச் சமைக்கக் கூடாது. உங்க குடியிருப்புல அந்த வீடுகள்ல சமைக்கிறவங்க யாரு, அவங்களுக்குப் பதிலா யாரு செய்வாங்கன்னு இன்னைக்கு ராத்திரியே பேசி முடிவு பண்ணிடுங்க. நாளைக்கு எத்தன வீடுன்னு இங்க எழுதுங்க.